புளோரன்ஸ் நகரும் கம்பளித் தொழிலாளரும்

ஐரோப்பாவின் பழம்பெரும் நகரங்களுக்குக் கலையும் பண்பாடும் உணவும் நாடிச் செல்வோர் பலர். அவர்கள் எழுதும் பயணநூல்களும் பல. அவற்றுள் இத்தாலியின் புளோரன்ஸ் நகர் பற்றியன பெரும்பாலும் ஒரே கதையையே கூறுகின்றன. மெடிச்சிக் குடும்பத்தார் பொருள் வழங்கினர், மேதைகள் தோன்றினர், மறுமலர்ச்சி பிறந்தது. இக்கதை முற்றும் பொய்யன்று. ஆயின், அப்பொருள் எங்கிருந்து வந்தது என்னும் வினாவை அது எழுப்புவதேயில்லை. அவ்வினாவை ஒதுக்கிவிட்டு அந்நகரின் கலையைச் செவ்வனே சுவைத்தல் இயலுமா என்பதையே நாம் ஈண்டு நோக்குகின்றோம்.

புளோரன்சின் செல்வம் கம்பளியிலும் வங்கித் தொழிலிலும் விளைந்தது. நகரின் தலைமைத் தேவாலயத்தைக் கட்டும் பொறுப்பை 1331இல் கம்பளிச் சங்கமே ஏற்றது. 1420 முதல் 1436 வரை புரூனெலெஸ்கி எழுப்பிய குவிமாடமும் அதன் மேற்பார்வையில் உருவானதே. சங்கம் என்றதும் வாசகர் தொழிற்சங்கத்தை எண்ணிவிடலாகாது. அது முதலாளிகளின் கூட்டு. கம்பளியைக் கழுவியும் கோதியும் வயிறு வளர்த்தோர்க்குத் தமக்கெனச் சங்கம் அமைக்கும் உரிமை இருக்கவில்லை. அவ்வாறு அமைக்க முயன்ற சியூத்தோ பிராந்தினி என்பார் 1345இல் தூக்கிலிடப்பட்டார். 1378 யூலையில், சியோம்பி எனப்பட்ட அத்தொழிலாளர் கிளர்ந்தெழுந்து ஆட்சி மாளிகையைக் கைப்பற்றினர். கம்பளி கோதும் மிக்கேலே தி லாந்தோ நகரின் தலைமைப் பதவியில் அமர்ந்தார். புதிய சங்கங்கள் மூன்று தோன்றின. ஓகஸ்ட் இறுதியில் அதே லாந்தோ தம் பழைய தோழரை அடக்க முன்னின்றார் என்பது வரலாற்றின் கசப்பு. சியோம்பிகளின் சங்கம் அப்போதே கலைக்கப்பட்டது. மற்றிரண்டும் 1382இல் ஒழிந்தன.

பயணநூல்கள் கூறும் கதையின் மூலவர் ஜோர்ஜோ வசாரி. 1550இல் வெளிவந்த, கலைஞர் வாழ்க்கைகளைக் கூறும் அவரது பெருநூல் கோசிமோ தெ மெடிச்சிக்கே காணிக்கையாக்கப்பட்டது. நகரை ஆண்ட அக்கோசிமோவுக்கு 1565இல் ஐந்தே மாதத்தில் ஒரு மேன்மாடப் பாதையை அமைத்துக் கொடுத்தவரும் வசாரியே. ஆட்சி மாளிகையிலிருந்து உஃபீசிக் கட்டடத்தின் வழியாக, ஆர்னோ நதியின் பழைய பாலத்துக்கு மேலாக, பித்தி மாளிகை வரை அது செல்கின்றது. ஆள்வோன் மக்கட் கூட்டத்துள் இறங்காமலே நகரைக் கடக்கலாம். வசாரியின் நூலும் கலை வரலாற்றினூடே இத்தகையதொரு மேன்மாடப் பாதையையே அமைத்தது எனலாம்.

அப்பாலத்தின் மீது அக்காலத்தில் இறைச்சிக் கடைகள் இருந்தன. அவற்றின் நாற்றம் ஆள்வோர்க்கு ஒவ்வாமையால், 1593இல் முதலாம் பெர்தினாந்து அவற்றை அகற்றிப் பொற்கொல்லரைக் குடியேற்றினான். இன்று உல்லாசப் பயணிகள் பாலத்தில் நகைக்கடைகளைக் கண்டு மகிழ்ந்தபின், தெருவோர வண்டிகளைத் தேடிச் சென்று லம்பிரெடொட்டோ உண்கின்றனர். மாட்டின் நாலாம் இரைப்பையை வேகவைத்துப் பாணுக்குள் வைத்துத் தரும் உணவு அது. நல்ல இறைச்சியை வாங்க வகையற்றவர்கள் கண்டுபிடித்த சுவை. ரிபொல்லீட்டா என்பதும் அவ்வாறே. பழைய பாணும் அவரை விதையும் கருநிறக் கோவா இலையும் சேர்ந்த சூப்பை மறுநாள் மீண்டும் கொதிக்க வைப்பதால் அப்பெயர் வந்தது. இவற்றைப் புகழ்ந்து பக்கங்களை நிரப்புவோர், வறுமையின் சமையலைப் ‘பாரம்பரியம்’ என்னும் ஒரு சொல்லால் மூடிவிடுகின்றனர்.

இனி, முற்போக்காளர் சிலர் இக்கலை முழுவதையும் ‘செல்வர் கலை’ என்று தள்ளிவிடுவர். இதுவும் சோம்பற் பார்வையே. ஆற்றின் மறுகரையில், கம்பளித் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதியில், கார்மினே தேவாலயம் உண்டு. அங்குள்ள சிற்றாலயத்தின் சுவரோவியங்களை வரையச் செய்தவர் பிரான்காச்சி என்னும் பட்டு வணிகர். 1425ஐ அடுத்த ஆண்டுகளில் மசாச்சோ அங்கு தீட்டிய ஓவியமொன்றில், புனித பேதுரு ஏழைகளுக்குப் பொருள் பகிர்ந்தளிக்கின்றார். ஒரு தாய் கையேந்தி நிற்கின்றாள். அவள் தோளிலுள்ள குழந்தையின் பின்புறத்தை மறைக்க ஆடை போதவில்லை. ஊன்றுகோலுடன் ஒருவன் நிற்கின்றான். இவர்களின் காலடியில், நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்த அனனியா பிணமாகக் கிடக்கின்றான். சொத்தைக் கணக்கிட்டு வரிவிதிக்கும் சட்டம் 1427இல் புளோரன்சில் வந்ததைக் கொண்டு இவ்வோவியத்தை விளக்குவோர் உளர். பொருத்தமான விளக்கந்தான், எனினும் அதனுள் முழு ஓவியமும் அடங்கிவிடாது. அத்தாயின் நிமிர்ந்த நிலையில் உள்ள கனம் எந்தச் சட்டத்திலிருந்தும் வந்ததன்று. மசாச்சோ அவளைத் தெருவில் கண்டிருக்கின்றான். பணங்கொடுத்தவனின் நோக்கத்தைத் தாண்டிச் செல்லும் இவ்வாற்றலை விளக்க முடியாத விமர்சனம் முற்போக்கு விமர்சனமாகாது. வசாரியும் இவ்வோவியனின் பெருமையை மனமாரப் போற்றினார் என்பதை நேர்மைக்காகக் குறிப்பிடல் வேண்டும்.

1982 முதல் அந்நகர்ப் பகுதி உலக மரபுரிமைத் தலமாக உள்ளது. பயணிகளுக்கான குறுங்கால வாடகை வீடுகள் பெருகி, நகரத்தார் தம் நகரிலேயே குடியிருக்க இடர்ப்படும் நிலை வந்தமையால், 2023இல் நகரசபை பழநகர்ப் பகுதியில் புதிதாக அத்தகைய வீடுகள் தோன்றுவதைத் தடுக்க முடிவு செய்தது. மேன்மாடப் பாதையோ 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டுள்ளது. நுழைவுச்சீட்டுப் பெற்று எவரும் அதில் நடக்கலாம்.

அதனைக் கண்டுவருவோர் சாந்தா குரோச்சே தேவாலயத்துக்கு அண்மையிலுள்ள ஒரு சதுக்கத்துக்கும் செல்வாராக. மேன்மாடப் பாதைக்காகப் பாலத்தருகிலிருந்து அகற்றப்பட்ட மீன் வியாபாரிகளுக்கென வசாரி வரைந்தமைத்த தூண்மண்டபம் அங்கே நிற்கின்றது. பழைய சந்தை இடிக்கப்பட்டபோது பிரித்தெடுக்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே மீண்டும் எழுப்பப்பட்டது. அச்சதுக்கத்தின் பெயர் சியோம்பி.