குழாய்த் துளியும் ஒளித்துகளும்: ஓர் உவமை ஆராய்ச்சி

வினை, பயன், மெய், உரு என்னும் நான்கன் வழியே உவமை தோன்றும் என்பது தொல்காப்பியர் கொள்கை. செய்யுளுக்கென வகுத்த இவ்வுரைகல் அறிவியற் பாடத்துக்கும் பயன்படும்.

ஒளி, போட்டான் எனும் துகள்களாய் வருவதை விளக்கப் புகுவோர், குழாயை இறுக்கினால் நீர் துளித்துளியாய்ச் சொட்டுவதுபோல், விளக்கைத் தணித்தால் ஒளியும் ஒவ்வொரு துகளாய் வரும் எனக் கூறுதல் உண்டு. கேட்க இனிது, மாணவர் மனத்தில் எளிதில் பதிவது. ஆயினும் இது பிழைபட்ட உவமை.

ஒரு துளி விழுந்தபின் அடுத்தது திரள நேரம் வேண்டும். ஆதலின் இரண்டு சேர்ந்து விழுவதில்லை. தணித்த லேசர் ஒளிக்கு இவ்வொழுங்கு இல்லை. துடிப்பு ஒன்றுக்குச் சராசரி 0.1 துகள் என்னும் அளவுக்குத் தணித்தாலும், 1000 துடிப்புகளில் ஏறத்தாழ 905 வெறுமையாய்ப் போகும். 90இல் ஒரு துகள் இருக்கும். எஞ்சிய 5இல் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். உருவில் ஒப்புமை கொள்ளலாம். வினையில் ஒப்பு இல்லை.

இச்சிறு பிழையால் என்ன கேடு என்று சிலர் வினவலாம். மறைமொழிக்குரிய திறவுகோலை ஒளித்துகளில் ஏற்றி அனுப்புங்கால், இரட்டையாய்ச் சென்றவற்றுள் ஒன்றை ஒற்றன் கவர்ந்துகொண்டு மற்றதை விட்டுவிடக்கூடும். அதனைத் தடுக்கத் தனிக் காப்புமுறை தேவையாயிற்று.

உண்மையில் ஒவ்வொன்றாய்த் தருவது தனி அணுவே. ஒரு துகளை உமிழ்ந்த அணு, மீண்டும் ஆற்றல் பெற்றாலன்றி மற்றொன்றை உமிழாது. இதனைக் கிம்பிள், டாஜெனே, மேண்டல் ஆகியோர் சோடியம் அணுக்களைக் கொண்டு 1977இல் காட்டினர். 2000இல் மிக்லர் குழுவினர் குறைகடத்தியில் அமைந்த குவாண்டம் புள்ளியால் இது செய்து, தம் கருவியைச் சுழல்வாயில் என்றே குறித்தனர். ஒரு சுற்றுக்கு ஓர் ஆளை உள்ளே விடும் வாயில் அது. இவ்வுவமையில் வினை பொருந்துகிறது.

எனினும் இதுவும் முழுமையன்று. வாயிலில் நுழைவோர் முகம் வேறு வேறாயினும் குற்றமில்லை. ஒளிச்சுற்றிலோ, இரு மூலங்களினின்று வரும் துகள்கள் நிறத்தாலும் நேரத்தாலும் வேறுபாடின்றி இருத்தல் வேண்டும். அப்பொழுதே, ஹாங், ஓ, மேண்டல் மூவரும் 1987இல் காட்டியபடி, பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் ஆடியில் இருபுறமிருந்தும் ஒருசேர வந்த இரண்டும் ஒரே வழியாய் வெளிவரும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2008இல் இவ்விளைவைச் சில்லின்மேல் அமைத்த சிலிக்கா ஒளிவழிகளிலேயே நிகழ்த்தினர். ஆனால் குவாண்டம் புள்ளிகள் அளவில் சிறிது வேறுபடுதலின், அவற்றின் நிறமும் வேறுபடும். வெப்பத்தாலோ மின்புலத்தாலோ இழுவிசையாலோ அவற்றை ஒரு நிறத்துக்குக் கொணர்தல் வேண்டும். ஒன்றைச் சூடேற்றினால் அவ்வெப்பம் அண்டையில் உள்ளதையும் தாக்கும். ஒளிமூலத்தைக் கட்டுப்படுத்தல் என்பது எண்ணிக்கையை அடக்குதல் மட்டுமன்று. ஒருமைப்பாட்டைக் காத்தலும் ஆகும்.

ஆதலின் வகுப்பில் குழாயை விடுத்துச் சுழல்வாயிலைக் கூறுதல் நன்று. அதன் குறையையும் உடன் கூறுதல் அதனினும் நன்று. உவமை எவ்வளவில் ஒக்கும், எவ்வளவில் ஒவ்வாது என்று காட்டுதலும் ஆசிரியர் கடனே.