'அட்' முன்னிடை மரபுத்தொடர்களும் ருஷ்ய மொழியாளர்க்கான விளக்க முறையும்: ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: முன்னிடைச்சொல், மரபுத்தொடர், வேற்றுமை, நிகரன், ருஷ்யம், ஆங்கிலம்

ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் முன்னிடைச்சொற்களுள் 'அட்' ஒன்று. இதனைக் கொண்டு அமைந்த மரபுத்தொடர்களை ருஷ்ய மொழியினர்க்கு விளக்குவோர் பெரும்பாலும் ஒரே முறையைக் கையாளுகின்றனர். ஆங்கிலத் தொடர் ஒருபுறமும் அதற்கு நிகரான ருஷ்யத் தொடர் மறுபுறமுமாக வைக்கப்படும். மாணவர் இரண்டையும் மனனம் செய்ய வேண்டும். இம்முறை தொடரின் பொருளைத் தருகிறது. ஆயினும், அப்பொருளில் 'அட்' ஆற்றும் பணியை மறைத்துவிடுகிறது.

இதற்குக் கோட்பாட்டுப் பின்புலம் உண்டு. வினோகிராதவ் 1940களில் மரபுத்தொடர்களை, அவற்றின் பொருள் உறுப்புச் சொற்களிலிருந்து எவ்வளவு பெறப்படும் என்பதை நோக்கி மூன்றாக வகுத்தார். சோவியத் மரபுத்தொடர் ஆய்வுக்கு அவ்வகைப்பாடு அடித்தளமாயிற்று. 1955இல் முதற்பதிப்புக் கண்ட குனினின் ஆங்கில-ருஷ்ய மரபுத்தொடர் அகராதி அத்துறையின் பெருஞ்சாதனை. வினோகிராதவின் மூவகையுள் முதல்வகை மட்டுமே பிரித்துப் பொருள்காண இயலாதது. பயிற்றுமுறையோ எல்லாத் தொடர்களையும் அம்முதல்வகையாகவே நடத்துகிறது. குறை கோட்பாட்டினுடையது அன்று. அதனைச் சுருக்கிக்கொண்ட வழக்கத்தினுடையது.

ருஷ்யத்தில் 'அட்' என்பதற்கு ஒற்றை நிகரன் இல்லை. மேசையருகே உணவுக்கு அமர்ந்திருப்பவர் அம்மொழியில் மேசைக்குப் 'பின்னால்' இருக்கிறார். பள்ளியில் இருப்பவர் பள்ளிக்கு 'உள்ளே'. பணியில் இருப்பவர் பணியின் 'மேல்'. இரவில் என்பதற்கு முன்னிடையே வேண்டா. கருவி வேற்றுமை ஒன்றே போதும். வேற்றுமை மயங்கியலைத் தனி இயலாகவே கொண்ட தொல்காப்பியத்தைப் பயின்றோர்க்கு இத்தகைய பகிர்வு வியப்பளிக்காது. ஆனால் ருஷ்ய மாணவர் ஆங்கிலத்தை நோக்கும்போது சிக்கல் தலைகீழாகிறது: தம் மொழி பலவாகப் பிரித்தவற்றை ஆங்கிலம் ஏன் ஒரே சொல்லில் அடக்குகிறது என்பதை நிகரன் பட்டியல் ஒருபோதும் கூறுவதில்லை.

'அட் ஃபர்ஸ்ட் சைட்' என்னும் தொடர் இதற்குத் தக்க சான்று. கண்டதும் காதல் என்னும் பொருளில் ருஷ்யம் 'ஸ் பெர்வவோ வஸ்க்லியாதா' என்னும், அதாவது முதற்பார்வை'யிலிருந்து'. மேலோட்டமாகப் பார்த்தால் என்னும் பொருளில் 'நா பெர்வி வஸ்க்லியாத்' என்னும், அதாவது முதற்பார்வை'யின்மேல்'. முன்னது தொடக்கப்புள்ளியையும் பின்னது மதிப்பீட்டின் அடிப்படையையும் காட்டுகிறது. ஆங்கிலம் இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் நிகழ்வின் கணத்தை மட்டும் சுட்டுகிறது. இவ்வேறுபாட்டை விளக்காத பட்டியலைக் கற்றவர் 'ஃப்ரம் தி ஃபர்ஸ்ட் சைட்' என்று எழுதினால், அதனை மறதி எனத் தள்ளுதல் பொருந்தாது. அது தாய்மொழி இலக்கணத்தின் நேரிய விளைவு.

பொருள் நுட்பமும் இம்முறையில் கெடுகிறது. 'அட் சீ', 'அட் எ லாஸ்' ஆகிய இரண்டிற்கும் 'திகைப்பில்' எனப் பொருள்படும் ஒரே ருஷ்யத் தொடரைத் தந்துவிட முடியும். முன்னது கரை காணாத கப்பலின் நிலை: ஒரு துறையில் திசையறியாமை. பின்னது வேட்டைநாய் மோப்பத்தைத் தவறவிட்ட நிலையிலிருந்து வந்தது: அடுத்து என் செய்வது, என் சொல்வது என்னும் கணநேரத் தடை. சொல்லிழந்து நிற்பவரைப் பின்னதாலன்றி முன்னதால் குறித்தல் ஆங்கில மரபன்று. இந்த 'அட் எ லாஸ்' வணிகத்தில் நட்டத்திற்கு விற்றலையும் குறிக்கும். அங்கு ருஷ்யம் வேறொரு பெயரையும் இரண்டாம் வேற்றுமையையும் நாடும். இத்தனையும் ஒருவரிப் பட்டியலில் அடங்குமா என்பது ஐயமே.

விளக்கத்திற்கான திறவுகோல் சிலவிடத்து ருஷ்யத்திலேயே உள்ளது. நாய்மீது கல் எறிதலுக்கு ஆங்கிலம் 'அட்' என்னும். நாய்க்கு எலும்பு எறிதலுக்கு 'டு' என்னும். ருஷ்யம் முன்னதற்கு முன்னிடையோடு இரண்டாம் வேற்றுமையையும், பின்னதற்கு நான்காம் வேற்றுமையையும் ஆளுகிறது. இலக்கும் பெறுநரும் வேறு என்னும் உணர்வு மாணவரிடம் முன்னரே இருக்கிறது. ஒருவரை நோக்கிச் சினந்து கத்துதலும், தொலைவில் நிற்பவர்க்குக் கேட்குமாறு கூவுதலும் இவ்வாறே வேறுபடும். இதனை அடியாகக் கொண்டு இடம், கணம், நிலை, இலக்கு எனப் பொருள் விரியும் நெறியைக் காட்டலாம். பாடநூலாசிரியர்கள் இவ்வாய்ப்பைப் பயன்படுத்தாமை வியப்பிற்குரியது.

எனினும், படிமம் ஒன்றே அனைத்தையும் விளக்கும் என்னும் அறிதல்சார் மொழியியலாரின் ஆர்வத்திற்கும் எல்லை உண்டு. 'அட் ஆல்' என்பதில் எந்தப் புள்ளியையும் காட்ட இயலாது. 'அட் லார்ஜ்' என்பது பிடிபடாத குற்றவாளிக்கும் வரும், தனிப்பணிக்கென அமர்த்தப்பட்ட தூதர்க்கும் வரும். ருஷ்யம் முன்னவரை 'விடுதலையில்' இருப்பவர் என்றும் பின்னவரைச் 'சிறப்புப் பணிகளுக்கான' தூதர் என்றும் தனித்தனியே குறிக்கும். அங்கு மனனமே வழி. பட்டியலும் அத்தகைய தொடர்களுக்கு மட்டுமே பொருந்தும்.