கூடும் உரிமையும் மாணவர் எதிர்ப்பும்: கண்டாவளைப் பக்கத்திலிருந்து ஒரு நோக்கு

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14(1)(ஆ) உறுப்புரை, அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தை ஒவ்வொரு பிரசைக்கும் வழங்குகின்றது. அடுத்து வரும் 15ஆம் உறுப்புரையோ இன, மத இணக்கம், தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்னும் பெயர்களில் அதனை மட்டுப்படுத்த இடமளிக்கின்றது. மட்டுப்பாடு எல்லா நாட்டுச் சட்டங்களிலும் உள்ளதே. விதிவிலக்கானது விதியாக மாறிவிட்ட நிலையே ஈண்டு ஆராயற்பாலது.

2024 பெப்ரவரி 4ஆம் நாள், சுதந்திர தினத்தைக் கரிநாளாக அனுட்டித்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் கிளிநொச்சியில் திரண்டபோது, பொலிசார் நீர்த்தாரையும் கண்ணீர்ப்புகையும் பிரயோகித்தனர். ஐவர் கைதுசெய்யப்பட்டுப் பின்னர் விடப்பட்டனர். கண்டாவளைப் பிரதேசத்தார்க்கு இது அயலூர்ச் செய்தியன்று. தருமபுரத்தாரும் முரசுமோட்டையாரும் நீதிமன்றத்துக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் செல்வது அந்நகருக்கே. அதன் அருகே அறிவியல் நகரில்தான் அப்பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் அமைந்துள்ளன. 2009இல் ஊரே பெயர்ந்து, முட்கம்பி முகாம்களில் அடைபட்டு, பின்னர் மீண்ட ஒரு பிரதேசத்தின் பிள்ளைகளுக்குத் தெருவில் நின்று பேசுதல் பொழுதுபோக்கன்று. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலில் போராட்டத்தைத் தொடங்கியதும் வேறு மன்றம் இன்மையாலேயே.

ஊர்வலம் தடுக்கப்படும்போதெல்லாம் ‘அனுமதி பெறப்படவில்லை’ என்னும் சொற்றொடர் எழுகின்றது. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு கேட்பது அனுமதியன்று. ஆறு மணி நேரத்துக்கு முன்னரான எழுத்துமூல அறிவித்தல் மட்டுமே. தடைசெய்யும் அதிகாரம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அலுவலருக்கு உண்டு என்பது உண்மை. எனினும் அறிவித்தலை விண்ணப்பமாகவும், மௌனத்தை மறுப்பாகவும் கொள்வது சட்டத்தைத் திரித்தலேயாம். இதனை மாணவர் தலைவர்களே பலர் அறியாதிருத்தல் வருந்தத்தக்கது.

இதனினும் நுண்ணிய கருவி, 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவு. பொதுத் தொல்லையை அவசரமாகத் தடுக்க நீதவானுக்கு அளிக்கப்பட்ட இவ்வதிகாரம், எதிர்த்தரப்பாரைக் கேளாமலும் பிரயோகிக்கப்படலாம். கட்டளை பதினான்கு நாள் நிலைக்கும். ஒரு நாள் ஊர்வலத்துக்குப் பதினான்கு நாள் தேவையில்லை. அந்த ஒரு நாள் கழிந்தாற் போதும். 2021 பெப்ரவரியில் பொத்துவில் முதல் பொலிகண்டி வரையான நடைப்பயணத்தை மறிக்கவும் பல இடங்களில் நீதிமன்றக் கட்டளைகள் நாடப்பட்டன. பயணம் வன்னி வழியே நடந்தேறியது.

உயர் நீதிமன்றம் இவ்வுரிமையைக் குறுக்கியே பொருள்கொண்டது எனக் கூறுதல் நேர்மையாகாது. 1992இல் எதிர்க்கட்சியினர் நடத்திய ‘ஜனகோஷ’ எதிர்ப்பிற் பறை கொட்டியவரைப் பொலிசார் தடுத்ததால் எழுந்த அமரதுங்க வழக்கில் (1993), நீதியரசர் மார்க் பெர்னாண்டோ அவ்வொலியும் கருத்து வெளிப்பாடே என ஏற்றார். அத்தீர்ப்பின் ஒலி கிளிநொச்சித் தெருவரை வந்து சேரவில்லை என்பதே குறை.

தெற்கிலும் நிலை முற்றும் வேறன்று. 1976 நவம்பர் 12இல் பேராதனையிற் பொலிசாரின் துப்பாக்கிக்கு வீரசூரிய என்னும் மாணவர் பலியானார். 2022இல் மாணவர் தலைவர் வசந்த முதலிகே பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் மாதக்கணக்கிற் தடுத்துவைக்கப்பட்டார். 1979 முதல் தமிழ் இளைஞர் அறிந்த சட்டம் அது. 2012 நவம்பரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் தாக்கப்பட்டு, நால்வர் வெலிக்கந்தைக்கு அனுப்பப்பட்டபோது தெற்கின் மாணவர் இயக்கம் எழுப்பிய குரல் போதுமானதன்று. வீரசூரியவை வடக்கு நினைவுகூர்வதும் அரிது.

பரிகாரம் இல்லையா எனில், உண்டு. 126ஆம் உறுப்புரையின்படி மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். தடைக்கட்டளை கிளிநொச்சியில் ஒரு முற்பகலில் கிடைத்துவிடும். உயர் நீதிமன்றம் இருப்பது கொழும்பில். வழக்கறிஞரைத் தேடி, பயணச் செலவு திரட்டி, சான்றுகளைச் சேர்க்கத் தருமபுரத்து மாணவனுக்குள்ள காலம் அந்த ஒரு மாதமே.