கோத் பெங்களூருக்கு வந்த வழி

இங்கிலாந்தில் பிறந்தபோது கோத், பங்க் இசையின் பிள்ளை. கறுப்பு உடை, கண்ணைச் சுற்றி அப்பிய மை, வெளிறிய முகம், சாவையும் துயரத்தையும் அழகாகப் பார்க்கும் மனம் என்று அது வளர்ந்தது. அது பெங்களூருக்கு வந்தபோது பங்க் இங்கே பெரிதாக வேர்விட்டிருக்கவில்லை. மெட்டல் இசைதான் கதவைத் திறந்துவிட்டது. இந்த வழிமாற்றத்தை மனதில் வைத்துக்கொண்டால்தான் பெங்களூரின் கறுப்புச் சட்டைக் கூட்டத்தைப் புரிந்துகொள்ள முடியும் என்று நினைக்கிறேன். இங்கே கோத், உடையாக வருவதற்கு முன் ஒலியாக வந்தது.

முதலில் அதன் பிறந்த வீட்டைப் பார்த்துவிடலாம். 1979இல் நார்த்தாம்ப்டன் நகரத்து பௌஹவுஸ் குழு, டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியின் பெயரில் ஒன்பது நிமிடங்களுக்கும் மேல் நீளும் ஒரு பாடலை வெளியிட்டது. சூக்ஸி அண்ட் த பான்ஷீஸ், த க்யூர், லீட்ஸ் நகரத்து சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி ஆகியோர் அதே காலத்தவர்கள். சிஸ்டர்ஸ் குழுவில் டிரம் வாசிக்க ஆளே இல்லை; ஓர் இயந்திரத்துக்கு டாக்டர் அவலாஞ்ச் என்று பெயரிட்டு அதையே வாசிக்க விட்டார்கள். 1982இல் லண்டன் சோஹோ பகுதியில் பேட்கேவ் என்ற கிளப் தொடங்கியது. இசைக்காகக் கூடியவர்கள் அங்கேதான் உடைக்காகவும் கூட ஆரம்பித்தார்கள். இந்த இசையில் மெட்டை ஏந்துவது பெரும்பாலும் பேஸ் கிதார். மற்ற கிதார் எதிரொலியில் நனைந்து பின்னால் நிற்கும். ஆண் குரல் மார்பிலிருந்து தாழ்ந்து வரும். மேற்கத்திய மைனர் ஸ்வரவரிசை நம் நடபைரவி. அதன் இன்னொரு வடிவமான ஹார்மோனிக் மைனர் நம் கீரவாணி. சோகத்துக்குக் கீரவாணியைக் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு இந்த இசை அந்நியமாக ஒலிக்கக் காரணமே இல்லை.

ஆனால் பெங்களூருக்கு வந்த கோத் இது அல்ல, இதன் இரண்டாம் பிறவி. ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் 1988இல் உருவான பாரடைஸ் லாஸ்ட் குழு 1991இல் 'கோதிக்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. தாழ்ந்த சுருதியில் ஊர்ந்து போகும் கனத்த கிதார், உறுமும் ஆண் குரல், நடுவே பெண் குரலும் வாத்தியக் குழுவின் சாயலும் அதில் கலந்திருந்தன. பிராட்ஃபோர்டின் மை டையிங் பிரைடும் லிவர்பூலின் அனத்தீமாவும் அதே பாதையில் வந்தார்கள். மூவரையும் வெளியிட்டது பீஸ்வில் என்ற சிறு நிறுவனம். மெதுவாக ஊரும் டூம் மெட்டலும் கோத்தும் கலந்த இந்த ஒலி கேசட்டில் பதிந்து, தபாலில் ஊர் ஊராகப் போனது.

வாங்கிக்கொள்ள பெங்களூர் தயாராக இருந்தது. 1809இல் படை முகாமாகத் தொடங்கிய கன்டோன்மென்ட் பகுதியில் ஆங்கிலோ-இந்தியர்களும் தமிழர்களும் தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். ஆங்கிலப் பாட்டு அங்கே வீட்டுப் பொருளாகவே இருந்தது. பொதுத்துறை ஆலைகளின் குடியிருப்புகளும் கல்லூரி விழாக்களும் கிதார் பிடிக்கத் தெரிந்த பையன்களைத் தந்தன. 1980களின் நடுவில் பீர் பப்கள் முளைத்தன. 1989இல் பிரிகேட் ரோடுக்கு அருகே வந்த பெக்கோஸ் பப்பில் பழைய ராக் இசை ஓயாமல் ஒலித்தது. 1993இல் அலகாபாத்திலிருந்து அமித் சைகல் தொடங்கிய ராக் ஸ்ட்ரீட் ஜர்னல் இதழ், இந்தியாவெங்கும் சிதறிக் கிடந்த ரசிகர்களுக்கு ஒருவரைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ள வழிசெய்தது. இணையம் இல்லாத நாட்களில் வெளிநாட்டுக் குழுவின் ஒரு கேசட் பத்துப் பேரின் கைமாறி, பிரதிக்குப் பிரதி இரைச்சல் ஏறிக்கொண்டே போகும். அந்த இரைச்சலும் அந்த இசைக்குப் பொருந்தித்தான் இருந்தது.

டையிங் எம்ப்ரேஸ் அந்தச் சூழலில் பிறந்த குழு. 1990களின் தொடக்கத்திலேயே பெங்களூரில் டூம், டெத் மெட்டல் இரண்டையும் கலந்து வாசித்தார்கள். அந்த நாளில் மேடையேறினால் அயர்ன் மெய்டனையோ மெட்டாலிகாவையோ நகலெடுத்து வாசித்தால்தான் கைதட்டல். அப்படியிருக்கும்போது ஊரில் யாரும் கேட்டிராத மெதுவான, அழுகிய ஒலியைச் சொந்தப் பாட்டாக வாசிக்கத் துணிந்தவர்கள் இவர்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இதுதான். 1998இல் உருவான கிரிப்டாஸ் வேறு வழியில், எண்பதுகளின் வேகமான ஹெவி மெட்டல் பாணியில் போனது. 2013இல் ஜெர்மனியின் வாக்கன் விழா மேடையில் வாசித்துப் பெங்களூரின் பெயரை அங்கே கொண்டுசேர்த்ததும் கிரிப்டாஸ்தான்.

இப்போது உடைக்கு வரலாம். வெல்வெட், லேஸ், இடுப்பை இறுக்கும் கார்செட், முழங்கால்வரை பூட்ஸ் எல்லாம் குளிர் நாட்டுத் துணிமணிகள். சென்னையில் மே மாதம் இவற்றை அணிந்து ஒரு தெரு நடந்தால் மயக்கம் வரும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில், டிசம்பர் இரவில் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பைக்கில் போவது வேடம் ஆகாது; அங்கே அது தேவை. ஆனால் முழுக் கோத் உடை அன்றைய கடைகளில் கிடைக்காது, கிடைத்தாலும் மாணவர் பையில் அதற்குப் பணமிருக்காது. எனவே கறுப்பு டி-ஷர்ட்டே சீருடையானது. மார்பில் முள்வேலி போல் பின்னிய எழுத்தில் குழுவின் பெயர், கீழே கறுப்பு ஜீன்ஸ், தோளைத் தொடும் முடி. இது மெட்டல் ரசிகரின் உடை, கோத்தின் உடை அல்ல என்று தூய்மை பேசுகிறவர்கள் சொல்லலாம். பெங்களூரில் அந்த எல்லைக்கோடு துணியில் இருக்கவில்லை. ஒருவர் எதை வீட்டில் தனியாகக் கேட்கிறார் என்பதில் இருந்தது.

கறுப்பை அமங்கலம் என்று ஒதுக்கும் வீடுகளில் வளர்ந்தவர்கள் இவர்கள். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் கறுப்பு எடுக்க அம்மா சம்மதிக்கமாட்டார். ஆனாலும் கார்த்திகை பிறந்தால் அதே வீட்டில் அப்பா கறுப்பு வேட்டி கட்டி ஒரு மண்டலம் சபரிமலை விரதம் இருப்பார். பெரியார் தொண்டர்களின் கருஞ்சட்டையும் எல்லோருக்கும் தெரிந்ததே. சமூகத்தின் இழிவுக்குத் துக்கம் காட்டுவதாக அவர்கள் அதை அணிந்தார்கள். துறவுக்கும் எதிர்ப்புக்கும் கறுப்பு நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. அழகுக்காக மட்டும் கறுப்பு அணிவதுதான் புதிது. வீட்டில் சண்டை வந்ததும் அதற்காகவே.

பெண்களின் கதை வேறு. தொண்ணூறுகளின் மெட்டல் மேடையும் அதன் முன்னால் தலையை ஆட்டிய கூட்டமும் ஏறக்குறைய ஆண்களின் இடம். பெங்களூர்க் கோத்தின் பெரிய குறை இது என்று தயங்காமல் சொல்வேன். லண்டனில் சூக்ஸி என்ற பெண்ணின் முகமே அந்த அழகியலுக்கு அச்சாக இருந்தது. மெட்டல் வழியாக வந்ததால் இங்கே அந்த முகம் வழியிலேயே தொலைந்துவிட்டது. 2003இல் இவானெசன்ஸ் குழுவின் 'ஃபாலன்' ஆல்பம் தொலைக்காட்சி வழியாக வீடுகளுக்குள் நுழைந்தபோது, கறுப்பு உடையில் பியானோ முன் உட்கார்ந்து பாடும் ஒரு பெண்ணைக் கல்லூரி மாணவிகள் பார்த்தார்கள். அது கலப்படமான, வானொலிக்கு ஏற்ற கோத் என்று ஆண் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அந்தச் சுளிப்பில் நியாயம் இல்லை. உடை, ஒப்பனை என்ற மறுபாதியை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவர்கள் பெண்கள். அவர்களுக்கு இறக்குமதிச் சாமான் அதிகம் தேவைப்படவில்லை. கண்மை எல்லோர் வீட்டிலும் உண்டு. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் கருமை படிந்த ஆக்சிடைஸ்ட் ஜிமிக்கியும் கனத்த வளையலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மூக்குத்தி பாட்டி காலத்தது. படத்தைக் காட்டினால் வெல்வெட்டில் நீளப் பாவாடை தைத்துத் தரும் தையற்காரரும் இருக்கிறார். இந்தியக் கோத் உடையில் எனக்கு உண்மையானதாகப் படுவது இந்தக் கலவைதான். கறுப்புச் சேலையும் பூட்ஸும் சேர்ந்து நடக்கும்போது அதில் லண்டனின் நகல் இல்லை.

வித்தியாசமாகத் தெரிவதற்கு விலை உண்டு. 2007இல் இங்கிலாந்தின் லங்காஷையரில் சோஃபி லங்காஸ்டர் என்ற இளம்பெண், கோத் உடையில் இருந்ததற்காகவே தாக்கப்பட்டு இறந்தார். 2013 முதல் மான்செஸ்டர் பகுதிக் காவல்துறை இத்தகைய தாக்குதல்களை வெறுப்புக் குற்றமாகப் பதிவுசெய்யத் தொடங்கியது. பெங்களூரில் தோற்றத்துக்காக அச்சுறுத்தலைச் சந்தித்தவர்களில் முன்னால் நிற்பவர்கள் வடகிழக்கு மாநிலத்தவர்கள். 2012 ஆகஸ்டில் அவர்கள் தாக்கப்படுவார்கள் என்று வதந்தி பரவியபோது ஆயிரக்கணக்கானோர் குவஹாத்தி ரயில்களில் நெருக்கியடித்து ஊரைவிட்டுப் போனார்கள். அவர்கள் அஞ்சியது உடைக்காக அல்ல, முகத்துக்காக. உடையைக் கழற்றி வைத்துவிடலாம். முகத்தை என்ன செய்வது? கறுப்பு உடையை எதிர்ப்பு என்று பேசும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

இசைக்கான இடம் எப்போதும் பற்றாக்குறைதான். பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டனும் 2011 அக்டோபரில் மெட்டாலிகாவும் வாசித்தது பெரிய செய்தி; ஆனால் உள்ளூர்க் குழு வளர்வது சிறு மேடைகளில்தான். மது பரிமாறும் இடத்தில் நேரடி இசைக்குத் தனி உரிமம் வேண்டும் என்ற 2005ஆம் ஆண்டு ஆணை அந்தச் சிறு மேடைகளின் மேல் தொங்கிக்கொண்டே இருந்தது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த ஆண்டு பல பப்களில் நேரடி இசை நின்றுபோனது. இந்திராநகரில் புதிய குழுக்களுக்கு இடம் கொடுத்துவந்த ஹம்மிங் ட்ரீ 2019இல் மூடப்பட்டது. உரிமத்தாளின் செலவைப் பெரிய விடுதி தாங்கும். ஐம்பது பேர் மட்டுமே வரும் டூம் இசை நிகழ்ச்சி தாங்காது.

அப்படியும் இருள் இசை அறுபடவில்லை. 2011இல் தொடங்கிய டிரெண்ட்ஸ்லாட்டர் விழா கூட்டத்தைக் குறிவைக்காத இசைக்கு மேடை தந்தது. பெங்களூரின் டூம் குழுவான பேவர் சீயின் முதல் ஆல்பம் 2012இல் வந்தது. இன்னொரு டூம் குழுவான ஜின் அண்ட் மிஸ்கடோனிக் 2013இல் 'ஃபாரெவர் இன் த ரெல்ம்' ஆல்பத்தை வெளியிட்டது. நீண்ட, அவசரமில்லாத பாடல்கள். இந்தக் குழுவில் பேஸ் வாசித்த ஜெயப்பிரகாஷ் சத்தியமூர்த்தி, பெங்களூரைக் களமாக வைத்து ஆங்கிலத்தில் அமானுஷ்யக் கதைகளும் எழுதுகிறவர். 'வியர்ட் டேல்ஸ் ஆஃப் எ பெங்களூரியன்' அவருடைய தொகுப்பு. கோத் என்றாலே மூடுபனி, பாழடைந்த ஐரோப்பிய மாளிகை என்ற பழக்கத்தை உடைத்து, இந்த ஊரின் தெருக்களிலேயே அச்சத்தைத் தேடியது முக்கியமான வேலை. 1990களில் பேய்க்கு அஞ்சி வீட்டுக் கதவுகளில் கன்னடத்தில் 'நாளே பா', அதாவது 'நாளை வா' என்று எழுதிவைத்த ஊர் இது. அச்சத்துக்குக் கதைப்பொருள் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை.

என் ஏக்கமும் இங்கேதான் இருக்கிறது. இந்தக் குழுக்கள் பாடுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழில் இந்த அழகியலுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட கிடங்கு உண்டு. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம், பிணத்தை எரிப்பது முதல் தாழியில் கவிழ்ப்பது வரை அடக்க முறைகளைச் சொல்லி, ஒரு சுடுகாட்டை நிதானமாகச் சுற்றிக் காட்டுகிறது. ஜெயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் காட்டையும் பேய்களையும் தனித்தனிப் பகுதிகளாகப் பாடினார். எல்லோருக்கும் மேலே காரைக்கால் அம்மையார். ஊர் மெச்சிய அழகை வேண்டாமென்று உதறி, பேய் வடிவம் கேட்டு வாங்கி, திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் இறைவன் ஆடப் பாடியவர். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் அவர் எலும்பும் தோலுமாக, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கிறார். ஒன்று நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அழகு பற்றிய ஊரின் தீர்ப்பை மறுத்து, மயானத்தில் இசையோடு அமர்ந்த பெண் அவர். பெங்களூரில் தமிழ் பேசி வளர்ந்த ஒரு மெட்டல் ரசிகருக்கு இவரைவிட நெருக்கமான முன்னோடி யார்? அல்சூரிலோ சிவாஜிநகரிலோ ஒரு குழு இதைத் தமிழில், டூம் இசையின் கனத்தோடு பாடினால் முதல் வரிசையில் நிற்க நான் தயார்.

அதற்குள் செய்ய வேண்டிய அவசர வேலை வேறொன்று இருக்கிறது. தொண்ணூறுகளின் டெமோ கேசட்டுகள், கையால் வரைந்து நகலெடுத்த நிகழ்ச்சி நோட்டீஸ்கள், வீட்டிலேயே அச்சிட்ட டி-ஷர்ட்டுகள் எல்லாம் தனியார் வீடுகளின் பரணில் கிடக்கின்றன. காந்த நாடா வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப்போகும். ஜே.பி. நகரில் 2019 முதல் இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ் என்ற இசை அருங்காட்சியகம் இயங்குகிறது. செவ்வியல், நாட்டார், திரையிசைகளோடு இந்த ஊரின் இருண்ட இசையையும் சேர்த்துக்கொள்ள அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வாசித்தவர்களில் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்தக் கேசட்டில் யார் வாசித்தார், எந்த மேடையில், எந்த ஆண்டில் என்று அவர்களிடமே கேட்டு எழுதி, நாடாவை டிஜிட்டலாக மாற்றிக்கொள்ளலாம்.