தாழ்ந்த தந்தியின் கனம்

நான்கு தந்தி பேஸ் கிதாரின் தடித்த தந்தி வழக்கமாக ஈ ஸ்வரத்தில் நிற்கும், நொடிக்கு 41.2 அதிர்வுகள். லியோ ஃபெண்டர் 1951-இல் 34 அங்குலத் தந்தி நீளத்தோடு பிரெசிஷன் பேஸைக் கொண்டுவந்தது முதல் அதுதான் பொது அளவு. ஹெவி மெட்டல் வாசிப்பவர்கள் அதற்கும் கீழே போகிறார்கள்: டி 36.7, சி 32.7, பி 30.9, ஏ 27.5. மனிதக் காது 20 அதிர்வுகள் வரை உணரும் என்பதால் இறங்க இன்னும் நிறைய இடமிருப்பதுபோலத் தோன்றும். தந்தியைப் பொறுத்தவரை அந்த இடம் முன்னதாகவே தீர்ந்துபோகிறது.

ஆணியைத் தளர்த்தும்போது தந்தியின் இழுப்பு சுருதியைவிட வேகமாகச் சரியும். அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு அது குறைகிறது. 0.100 அங்குலத் தடிமனுள்ள தந்தி ஈ-யில் ஏறத்தாழ 18 கிலோ இழுப்பில் நிற்கும். அதே தந்தியை பி-க்கு இறக்கினால் மிஞ்சுவது 10 கிலோதான். அப்படித் தளர்ந்த தந்தி மெட்டுகளில் மோதிச் சலசலக்கும். பிக்கால் ஓங்கி அடித்த கணத்தில் சுருதி மேலே எகிறி, பிறகு தன் இடத்துக்கு வரும். மெதுவான பாட்டில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். டபுள் பேஸ் டிரம்மோடு சேர்ந்து ஓடும் வேகப் பகுதியில் ஸ்வரம் தன் இடத்துக்கு வருவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடுகிறது. கேட்பவருக்கு எஞ்சுவது சுருதியில்லாத உறுமல்.

இழுப்பைக் குறைக்காமல் சுருதியை இறக்க ஒரு வழி, அதிரும் பொருளுக்கு எடை கூட்டுவது. மிருதங்கக் கலைஞர்கள் கச்சேரிக்கு முன் தொப்பியில் ரவைப் பசை அப்புவதும் இதே விதிப்படிதான்: வாரைத் தளர்த்தாமல் தோலுக்குப் பாரம் ஏற்றுகிறார்கள், ஒலி ஆழத்துக்குப் போகிறது. பேஸில் அந்தப் பாரம் தந்தியின் தடிமன். ஈ-யில் 0.100 தந்தி தரும் அதே விறைப்பு சி-யில் வேண்டுமென்றால் ஏறத்தாழ 0.126, பி-யில் 0.133, ஏ-யில் 0.150 அங்குலம் தேவை. இந்த ஏறுவரிசைக்கும் விலை உண்டு. தந்தி தடிக்கத் தடிக்கக் கம்பிபோல் விறைத்து, அதன் மேற்சுரங்கள் இருக்கவேண்டிய இடத்தைவிடச் சற்றே உயர்ந்து ஒலிக்கும். ஸ்வரத்தின் நிறமே மங்கிவிடும். தந்தி நீளத்தைக் கூட்டுவது இதற்கு இன்னொரு மருந்து. கனடாவின் டிங்வால் பேஸ்களில் மெட்டுகள் விசிறிபோல் சாய்ந்திருக்க, பி தந்தி மட்டும் 37 அங்குலம் வரை நீளும். அதே தந்திக்கு 34 அங்குலத்தைவிட 18 சதவீதம் கூடுதல் இழுப்பு கிடைக்கும். தாழ்ந்த பி-யை உருண்டு திரண்ட ஒற்றை ஸ்வரமாகக் கேட்க விரும்புபவர் அந்த நீளத்தைக் கையால் ஒருமுறை உணர்ந்து பார்க்க வேண்டும்.

இந்த இறக்கம் தொடங்கியது ஒரு விபத்தில். பர்மிங்ஹாமின் தகடு ஆலையில் 1965-இல், பின்னாளில் பிளாக் சபாத் குழுவின் கிதார் கலைஞரான டோனி அயோமியின் வலது கையில் இரண்டு விரல் நுனிகள் துண்டிக்கப்பட்டன. இடக்கைக்காரரான அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுதான். தளர்ந்த தந்தி அவர் விரலுக்கு இதமாக இருந்தது. 1971-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தொகுப்பின் சில பாடல்களில் பிளாக் சபாத் மூன்று அரைச்சுரம் இறங்கி வாசித்தது. கீஸர் பட்லரின் பேஸும் கூடவே இறங்கியது. ஐந்து தந்தி பேஸ் பரவியபின் பி சாதாரணமானது. 1994-இல் கோர்ன் குழுவின் முதல் தொகுப்பில் பேஸ் ஏ-க்கே போய்விட்டது.

இவ்வளவு தாழ்ந்த ஒலி காதுக்கு எப்படி எட்டுகிறது என்பதுதான் இந்தக் கலையின் சுவையான பகுதி. 1969 முதல் ராக் மேடைகளின் அடையாளமாக நிற்கும் ஆம்பெக் எஸ்விடி வரிசையின் எட்டு ஸ்பீக்கர் பெட்டியே 58 அதிர்வுகளுக்குக் கீழே ஒலியைக் குறைக்கத் தொடங்குகிறது. ஈ-யின் அடிச்சுரத்தைக்கூட அது முழுதாகத் தருவதில்லை. இருந்தும் அதன் முன் நிற்பவருக்கு ஈ குறையாமல் கேட்கிறது. 82, 123 என்று அடுக்கடுக்காக எழும் மேற்சுரங்களிலிருந்து, வராத அடிச்சுரத்தை மூளை தானே கட்டிக்கொள்கிறது. ஆகவே, தாழ்ந்த சுருதியின் கனத்தைச் சுமப்பது அதன் மேற்பகுதி. கீழ்ப்பகுதியைச் சுத்தமாக விட்டு, மேற்பகுதிக்கு மட்டும் டிஸ்டார்ஷன் ஏற்றும் இன்றைய மெட்டல் பழக்கம் இதிலிருந்து வந்தது.

கொங்கு நாட்டுக் காதுக்கு இது புதிதல்ல. கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கத்து மாரியம்மன் நோன்பில் துடும்பும் உறுமியும் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தாழ்ந்த ஒலியின் இலக்கணம் பழக்கமானது. துடும்பின் பெரிய தோல் நெஞ்சில் அறையும். ஆனால் அடியின் கணக்கைத் தெருமுனை வரை கொண்டுபோவது குச்சி தோலில் விழும் கூர்மை. உறுமியில் வளைந்த குச்சி ஒரு பக்கத் தோலைத் தேய்த்து முனகலை எழுப்பும்போது, மறுபக்கத்தில் மெல்லிய குச்சி தாளத்தை வெட்டுகிறது. அந்த வெட்டு இல்லாவிட்டால் முனகலுக்கு வடிவம் கிடையாது. பேஸில் பிக்கின் நுனியும் புதிய எஃகுத் தந்தியின் பளிச்சும் செய்யும் வேலை அதுவே. தாழ்ந்த சுருதிக்குப் பழைய, மழுங்கிய தந்தியைப் போடுபவர் ஆழத்தைத் தேடி அதன் உருவத்தை இழக்கிறார்.

பயிற்சி செய்யும் இடமும் ஏமாற்றும். கோவையில் வீட்டு மாடியறைகளில்தான் பல குழுக்கள் ஒத்திகை பார்க்கின்றன. மூன்றரை மீட்டர் நீளமுள்ள அறையில் அந்த நீளத்தின் முதல் ஒத்ததிர்வு 49-இல் விழும். ஈ தந்தியின் மூன்றாம் மெட்டிலுள்ள ஜி அது. அந்த ஸ்வரம் மட்டும் சுவரெல்லாம் அதிர ஒலிக்கும், பி-யோ அறையின் துணையின்றி மெலிந்து நிற்கும். அதைக் கேட்டு ஆம்பில் பேஸைக் கூட்டிவைத்துக்கொண்டு, அவிநாசி சாலையின் கொடிசியா போன்ற பெரிய அரங்குக்குப் போனால் எல்லாம் குழம்பிய இரைச்சலாகிவிடும். மேடையில் முதலில் குறைக்கவேண்டிய குமிழ் அதுதான்.

சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கி, தன் இசையை வேத மெட்டல் என்று அழைத்துக்கொள்ளும் ருத்ரா குழுவில் கதிர் பேஸும் வாசிக்கிறார், உறுமும் குரலில் பாடவும் செய்கிறார். இத்தகைய இசையில் குரலும் பேஸும் கிதாரும் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் இன்னும் கீழே போனால் தனியிடம் கிடைக்குமென்று எண்ணத் தோன்றும், நடப்பது வேறு. எட்டுத் தந்தி கிதார் எஃப்-க்கு, அதாவது 43.7 அதிர்வுகளுக்கு இறங்கிவிட்டால், அதற்கு ஒரு ஸ்தாயி கீழே 21.8 வருகிறது. அங்கே பேஸுக்கு ஸ்வரம் என்று ஒன்று மிஞ்சாது. கிதார் நிற்கும் அதே ஸ்தாயியில் பேஸும் நின்று, தடித்த தந்தியின் நாதத்தால் அதைப் பெருக்குவதே அழகு. பெரும்பாலான கனத்த இசைக்கு சி-யும் பி-யும் போதும். ஏ வேண்டுமானால் நீண்ட கழுத்தும் அதற்குரிய தந்தியும் வேண்டும். அவை இல்லாமல் இறங்குவது வீண்.

சுருதியை மாற்றியபின் கருவியையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். தடித்த தந்திக்கு நட்டின் பள்ளம் அகலமாக வேண்டும். பழைய தந்தியையே தளர்த்தியிருந்தால் கழுத்து பின்னால் வளைந்து கீழ் மெட்டுகள் சலசலக்கும். உள்ளிருக்கும் டிரஸ் ராடைச் சற்றே தளர்த்த வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று ஏறும் மாதங்களில் மரம் மீண்டும் அசையும் என்பதால் இன்னொரு முறையும் பார்த்துக்கொள்வது நல்லது. பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய ஸ்வரமும் அங்கேயே தொட்டெழுப்பும் மேற்சுரமும் ஒன்றாகும்வரை குதிரையின் சேடிலை நகர்த்த வேண்டும். தாழ்ந்த பி-யை டியூனர் சில நேரம் பிடிக்கத் தடுமாறும். அப்போதும் அந்த மேற்சுரத்தை வைத்தே சுருதி சேர்க்கலாம்.