எது செவ்வியல், யாருடைய அன்றாடம்?

‘செவ்வியல் இசையை அன்றாட வாழ்க்கைக்குக் கொண்டுவருவது’ என்கிற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. சமைக்கும்போது கேளுங்கள், பஸ்ஸில் போகும்போது கேளுங்கள், பழகினால் பிடித்துவிடும் என்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் இதற்குள் ஒரு முன்முடிவு ஒளிந்திருக்கிறது: செவ்வியல் மேலே இருக்கிறது, அன்றாடம் கீழே கிடக்கிறது, மேலே இருப்பது மனசு வைத்து இறங்கி வரவேண்டும். இந்த ஏணியை யார் போட்டது?

இந்த ஏணியே தெரியாத பழைய பிரதி ஒன்று நம்மிடம் இருக்கிறது. பத்துப்பாட்டில் வரும் மலைபடுகடாம், 583 அடி. நன்னனிடம் பரிசில் பெற்ற கூத்தன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். நன்னனின் செங்கண்மா இன்றைய செங்கம் என்பார்கள். பாட்டில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறக்கிற செய்யாறு. வகுப்பறையில் அருஞ்சொற்பொருளோடு மூச்சடைத்துக் கிடக்கும் இந்தப் பாட்டு, போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு பஸ் ஏறுகிற சனங்களின் நிலத்தை ஒட்டியது.

கூத்தர்கள் முழவு, ஆகுளி, பதலை, குழல், தூம்பு எல்லாவற்றையும் பலாக்காய்க் கொத்து மாதிரி பைகளில் தொங்கவிட்டுக்கொண்டு போகிறார்கள். சாரலில் வாத்தியம் நனைந்து தொய்ந்துவிடாமல் குகைக்குள் ஒதுங்கச் சொல்கிறான் வழிகாட்டி. தோல் கருவியைக் கையாண்டவனுக்குத்தான் இந்தக் கவலை வரும். முக்கியமானது அடுத்த விஷயம். போகிற வழியில் என்னென்ன கேட்கும் என்று ஒரு நீண்ட பட்டியல் போடுகிறான். அருவி, தேன் எடுத்த குறவரின் ஆரவாரம், புலி பாய்ந்த கணவனின் புண் ஆற கொடிச்சியர் பாடும் பாட்டு, தினை குத்தும் பெண்களின் வள்ளைப்பாட்டு, பலாக்கொட்டைக்காகக் கன்றுகளை மிதிக்கவிடும் பிள்ளைகளின் கூச்சல். மலையை யானையாக்கி, இத்தனை ஓசையையும் அதன் மதநீராக்கி, அதையே பாட்டுக்குப் பெயராக வைத்தாயிற்று. தேர்ந்த கலைஞர்களின் வாசிப்புக்குக் கிடைக்காத தலைப்பு, வேலைசெய்கிற சனங்களின் சத்தத்துக்குக் கிடைத்திருக்கிறது.

இதை ஏதோ பொற்காலம் என்று கொண்டாட வேண்டியதில்லை. இதுவும் அரசனைப் புகழ்கிற பாட்டுத்தான். மலையின் ஓசையெல்லாம் கடைசியில் நன்னனின் செல்வக் கணக்கில்தான் சேர்கிறது. ஆனாலும் வாத்தியக்காரனின் காது மலையைக் கேட்டது என்பது சாதாரண விஷயமில்லை.

இருபதாம் நூற்றாண்டு அந்தக் காதை அடைத்தது. 1928இல் மியூசிக் அகாடமி வந்தது. எது சுத்தம், எது கச்சேரிக்கு உகந்தது என்பதைச் சபா தீர்மானித்தது. 1943இல் தமிழிசைச் சங்கம் எழுந்தது நியாயமான சண்டை. ஆனால் சண்டை பெரும்பாலும் எந்த மொழியில் பாடுவது என்பதோடு நின்றது. யாருடைய காது என்ற கேள்வி அப்படியே கிடந்தது.

சபாவுக்கு வெளியே ராகம் வேறு வழியில் ஊருக்குள் இருந்தது. நாகஸ்வரம் திறந்தவெளிக் கருவி. 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் சேர்ந்த பாட்டைக் குழாய் ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்தவர்கள், ஆபேரி என்ற பெயர் தெரியாமலே ஆபேரியை அனுபவித்தவர்கள். இவங்களுக்கு யார் வந்து ‘அறிமுகம்’ செய்யணும்?

கே. பாலசந்தரின் ‘சிந்து பைரவி’ (1985) இந்தக் கேள்வியைத் தொட்டது. நாட்டுப் பாட்டாகத் தொடங்கி, இளையராஜா சாரமதியில் அமைத்த ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையில் போய் முடிகிறது அந்தப் பிரபலமான பாட்டு. அற்புதமான இசை, சந்தேகமில்லை. ஆனால் காட்சியின் தர்க்கத்தைப் பாருங்கள்: நாட்டுப் பாட்டு தன்னை ராகம் என்று நிரூபித்த பிறகுதான் சபை கைதட்டுகிறது. சான்றிதழ் கொடுக்கும் உரிமை மேலேயே இருக்கிறது. தெம்மாங்குக் கணக்கில் கீர்த்தனையை அளந்து பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

2015இல் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்களோடு சேர்ந்து விழா நடத்தினார்கள். மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி 2020இல் அவர் எழுதிய புத்தகம், தோலைப் பதப்படுத்தும் கைகளைப் பேசவைத்தது. மேடை நகர்ந்தது என்பது உண்மை. ஆனால் மேடை நகர்ந்தால் போதாது, காதும் நகர வேண்டும்.

ஜவ்வாது மலைக்கு வருவோம். அரசு நடத்துகிற கோடை விழாவில் மலையாளிப் பழங்குடியினரின் ஆட்டம் ஒரு ‘நிகழ்ச்சி’. ஒதுக்கிய நிமிடங்களில் ஆடிவிட்டு இறங்க வேண்டியதுதான். சாமையை மெஷினில் கொடுத்தால் உரல்பாட்டு எங்கிருந்து வரும்? உரலையே கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. அந்த வேலை பெண்களின் முதுகை ஒடித்த வேலை. ஆனால் வேலை போனபின் பாட்டு எங்கே போனது என்று விசாரிக்கிற இசை விமரிசனம் நம்மிடம் இல்லை. காட்டுக்குள் போகவே பயப்படவேண்டிய நிலையில் தேன் எடுக்கிறவனின் ஆரவாரம் எப்படிக் கேட்கும்? வன உரிமை பற்றிய கேள்வி இசை பற்றிய கேள்வியும்தான்.

தோடியையும் காம்போதியையும் தாராளமாகக் கேட்போம், மலைப் பிள்ளைகளுக்கும் அது கிடைக்கட்டும். அது யாருடைய பாட்டன் சொத்துமில்லை. ஆனால் பாட்டுச் சொல்லிக்கொடுக்க மலையேறுகிறவர்கள், முதலில் வாத்தியத்தைப் பைக்குள் வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் கேட்கட்டும்.