புறா விரட்டும் ஊதா

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கத்து அடுக்ககங்களின் பால்கனிகளில் புறாவை விரட்டக் கட்டித் தொங்கவிட்ட பழைய டிவிடிகளைக் கவனித்தால், பதிவு செய்யக்கூடிய தட்டுகளில் மட்டும் ஓர் ஊதாச் சாயல் தெரியும். அழகு அந்தச் சாயலைத் தரும் கரிமச் சாயத்தில்தான். சுழலும் தட்டில் சாயக் கரைசலை ஊற்றி, சுழற்சியின் விசையிலேயே ஓரம்வரை பரவவிடுகிறார்கள். தோசை வார்த்துப் பழகிய கைக்கும் அந்தச் சீர் வாய்க்காது. உலரும் படலத்தின் கனத்தை நானோமீட்டரில்தான் சொல்ல முடியும். சிவப்பு லேசர் சுட்ட இடத்தில் சாயம் சிதைந்து, ஒளி மங்கித் திரும்புகிறது. மிகச் சிறிய தழும்பின் நீளம் சுமார் 400 நானோமீட்டர். ஒரு கல்யாணத்தின் நாதஸ்வரமும் பந்தியும் அப்படிக் கோடிக்கணக்கான தழும்புகள்.

வெயிலில் வெளுக்கும் சாயத்தை நம்பலாமா, பென் டிரைவ் போதாதா என்று கேட்பார்கள். வெளுக்கும், உண்மைதான், பால்கனித் தட்டு நாளுக்கு நாள் மறந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஒளியை உறிஞ்சாத சாயத்தில் லேசரும் எழுத முடியாது. அந்தப் பலவீனமே அதன் திறமை. பென் டிரைவ் நிறையக் கொள்ளும், சரி. நிரம்பியதா காலியா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தத் தட்டைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால், எழுத்து எந்த வளையத்தில் நின்றது என்று நிறமே காட்டிவிடும்.